முப்பது நாள் பூட்டு

மார்கழியில் ஒரு ஞாயிறு விடியும்போது
எங்கள் தோல் கம்பெனியின் எல்லாக் கோப்புகளுக்கும்
வால் முளைத்திருந்தது.
பில், ஏற்றுமதிப் பட்டியல், ஆயிரத்து நூறு பேரின் சம்பளம்,
எதைத் திறந்தாலும் ஒரே கடிதம்,
தொகை டாலரில்.
பேக்கப் இல்லாமல் இல்லை.
இருந்தது, அதே வீட்டில், அதே சாவியில்,
அதே வாலோடு.

அதனால்தான் இந்தப் பெட்டி.
காட்பாடிக் கடைக்காரர் குறைந்த விலையில் ஒன்று காட்டினார்,
நீல விளக்கு மினுக்க,
உலகத்துக்கே வழி தெரிந்த கதவுகளோடு.
வேண்டாமென்று திரும்பி வந்தேன்.
ஓரத்தில் கிடந்த பழைய சர்வரைத் துடைத்தேன்.
பன்னிரண்டு டிஸ்க்,
இரண்டு ஒன்றாய்ச் செத்தாலும்
மிச்சம் பத்தும் கணக்கை ஒப்பிக்கும்.
ரெய்டு கார்டுக்குப் புது பேட்டரி;
ராணிப்பேட்டை கரண்ட்டை நம்பி
நான் எதையும் எழுதிவைப்பதில்லை.
அதன்மேல் லினக்ஸ்,
அதிலும் மொட்டை லினக்ஸ்.

ஸ்டோர்ஸ் ஜீவரத்தினம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"ஸ்கிரீன் இல்ல, மௌஸ் இல்ல,
இதுல இன்னாதாம்மா கீது?"

நம் ஊரைச் சொல்வார்களே சார்,
நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
மன்னனில்லா கோட்டை.
இது ரூட் இல்லாத சர்வர்.
இல்லாததுதான் இதற்கு அகழி.

அவர் சிரித்தார். வவுச்சரில் கையெழுத்துப் போடவில்லை.
அதற்கு இன்னொரு வாரம் ஆயிற்று.

வெளியிலிருந்து உள்ளே வர இருந்த கதவை அடைத்தேன்.
தூரத்தில் உட்கார்ந்தே ஆஃப் செய்கிற தனி ஒயரைப் பிடுங்கி
டிபன் பாக்ஸ் வைக்கிற இழுப்பறையில் போட்டேன்.
கடிகாரத்தை முன்னே தள்ளிவிட்டால்
பூட்டு ஏமாந்துபோகும் என்று படித்த இரவு
தூங்கவில்லை;
மறுநாள் கடிகாரத்துக்கும் ஒரு காவல்.
பாஸ்வேர்டு காகிதத்தில்,
காகிதம் உறையில்,
உறை பெரிய முதலாளியின் பேங்க் லாக்கரில்.
அவர் ஜெர்மனியில்.

உள்ளே போனது முப்பது நாள் வெளியே வராது.
அழியாது, மாறாது,
நான் கெஞ்சினாலும்.

நேற்று சாயங்காலம் சின்ன முதலாளி வசந்தராஜ்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
காபி வேறு வரவழைத்தார், எனக்கும் சேர்த்து.
கழிவுநீர் மீட்டரின் கணக்கு வேண்டுமாம்,
திங்கட்கிழமை ராத்திரி,
பதினொன்றரை முதல் நாலு வரை.
வேண்டாமாம், என்று சொல்லவேண்டும்.
"அந்த ஒரு ராத்திரிய மட்டும் எடுத்துடு கிருபாவதி.
மெயின்ல நானே எடுத்துட்டேன்.
உன் பெட்டியில இருக்காமே?"

முடியாது சார்.

"முடியாதா, மாட்டியா?"

பதினோரு வருஷ வேலையில்
இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு இடமே இருந்ததில்லை.
மாட்டேன் என்று சொல்லத் தெரியாத வாய் இது.
முடியாது என்றேன் மறுபடி.
பொய் சொல்லவில்லை என்பதே
ஒரு தைரியமாக இருந்தது.

காபி ஆடை கட்டிக்கொண்டது.
"எத்தன நாளு?" என்றார் எழுந்துகொண்டே.
முப்பது.
விரல்விட்டு எண்ணினார்.
"சரி. இருபத்தாறு நாளு கழிச்சு வரேன்."

பூட்டுக்கு நாள் கணக்குதான் தெரியும்.
எதைப் பூட்டியிருக்கிறோம் என்று தெரியாது.
நீரில்லா ஆறாம்.
திங்கட்கிழமை ராத்திரி பாலாற்றில்
நாலரை மணி நேரம் ஓடியிருக்கிறது,
நிறம் மட்டும் மீட்டரில் பதியவில்லை.

இப்போது மணி ஏழரை.
எல்லாரும் போய்விட்டார்கள், ஏசி சத்தம் மட்டும்.
பூட்டின் நாளைக் கூட்டலாம்,
குறைக்கத்தான் முடியாது.
கட்டத்தில் முப்பதை அழித்துத்
தொண்ணூறு என்று அடித்திருக்கிறேன்.
என்டர்மேல் சுண்டுவிரல்.

சம்பளம் ஏழாம் தேதி.